ஒரு பேஸ்பால் ஆட்டக்காரருக்கு 765 மில்லியன் டாலர் கொடுப்பது கிறுக்குத்தனமா?

நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்று சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். டிசம்பர் வந்தால் அவருடைய அலுவலகத்தில் நியூயார்க்கின் இரண்டு பேஸ்பால் அணிகளான மெட்ஸின் ரசிகர்களும் யாங்கீஸின் ரசிகர்களும் சாப்பாட்டு நேரம் முழுக்க வாக்குவாதம் செய்கிறார்களாம், அதுவும் ஒரு ஆட்டம்கூட நடக்காத மாதத்தில். ஹுவான் சோட்டோவுக்கு மெட்ஸ் கொடுப்பது 15 வருடத்துக்கு 765 மில்லியன் டாலர்; ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 41 வயது. இது கிறுக்குத்தனம் இல்லையா, ஐபிஎல் மாதிரி அணிக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு போட்டுவிட்டால் தீராதா, காசைக் கொட்டுகிற அணிதானே கடைசியில் ஜெயிக்கும் என்பது அவருடைய கேள்வி.

மூன்றாகக் கேட்டாலும் அவரை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கணக்குத் தெரியாதவர்கள் யாரும் பேஸ்பால் அணி வாங்குவதில்லை. மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹன் ஹெட்ஜ் ஃபண்ட் நடத்திப் பணக்காரர் ஆனவர். அப்படிப்பட்ட ஆள், கடைசி ஐந்தாறு வருடம் தண்டம் என்று தெரிந்தே எதற்காகக் கையெழுத்துப் போடுகிறார்? இதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும்.

ஓய்வூதிய நிதிகளுக்குக் கணக்குப் போடுவது என் தொழில். இருபது, முப்பது வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய தொகைக்கு இன்று எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும், அதற்குள் மனிதர்களுக்கு என்னென்ன ஆகலாம் என்று பார்ப்பதுதான் வேலை. பேஸ்பால் பார்க்கத் தொடங்கியது அமெரிக்கா வந்த பிறகு. ஆட்டத்தை விட ஒப்பந்தங்களை ஆர்வமாகப் படிக்கிற வியாதி தொழிலால் வந்தது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத் தொகைகள், விதிகள், தேதிகள் எல்லாம் வெளிப்படையானவை, அவற்றை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒரு கிளப் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதை வெளியாள் பார்க்க முடியாது. 30 அணிகளில் அட்லாண்டா பிரேவ்ஸ் மட்டும்தான் தனி நிறுவனமாகப் பங்குச்சந்தையில் இருப்பதால் வரவு செலவை வெளியிடுகிறது. மற்ற முதலாளிகள் 'நஷ்டம்' என்றால் அது அவர்கள் வாய்வார்த்தை, ரசிகர்கள் 'கொள்ளை லாபம்' என்றால் அது இவர்கள் ஊகம். எந்தத் தரப்பும் சிட்டையைக் காட்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கையெழுத்தான நாளிலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அதற்கு ஆறேழு வருடம் முன்னால் போக வேண்டும். கிரிஸ் பிரையன்ட் என்ற ஒரே ஆளை எடுத்துக்கொண்டால் போதும், முழுக் கதையும் அவருக்குள் இருக்கிறது.

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் இளைஞரை ஒரு அணி தேர்ந்தெடுத்துவிட்டால், பெரிய லீகில் (அந்த 30 அணிகள் ஆடுகிற மேல்மட்டம்) ஆறு முழு வருடம் ஆடும்வரை அவர் அந்த அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்று வருடம் ஏறத்தாழ அணி கொடுப்பதுதான் சம்பளம். குறைந்தபட்சத் தொகை 2025-இல் 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருடம், பேசித் தீராவிட்டால் தகராறு தீர்க்கிற நடுவர் முன் போய் சம்பளத்தை முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் வேறு அணிக்குப் போக முடியாது. ஆறு முடிந்த பிறகுதான் 'ஃப்ரீ ஏஜென்ட்', அதாவது யார் அதிகம் கொடுத்தாலும் போகலாம். இதில் ஒரு வருடம் என்பது 172 நாள். ஆனால் சீசன் கிட்டத்தட்ட 187 நாள் நீளும். இடையில் இருக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் சூட்சுமம்.

2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் பிரையன்ட் 9 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஆனாலும் சிகாகோ கப்ஸ் அவரைச் சிறிய லீகுக்கு அனுப்பியது. தடுப்பாட்டத்தில் இன்னும் பழக வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏப்ரல் 17 அன்று அழைத்துக்கொண்டார்கள். சீசன் முடிந்து எண்ணிப் பார்த்தால் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அதனால் அது முழு வருடம் இல்லை, அதனால் அவர் கப்ஸுக்குக் கட்டுப்பட்ட காலம் 2020-இல் முடிவதற்குப் பதிலாக 2021 வரை நீண்டது. அந்த வருடமே அவர் சிறந்த புதுமுகம். அடுத்த வருடம் பெரிய லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 108 வருடம் காத்திருந்த கப்ஸுக்கு உலகத் தொடர் (சீசனின் கடைசிப் பட்டப் போட்டி) வெற்றி. அந்த 2016-இல் அவர் சம்பளம் 6,52,000 டாலர். அதே அணியில் அவரை விட வெகு சுமாராக ஆடியவர்கள் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர் சங்கம் அவர் சார்பில் புகார் கொடுத்தது. 2020-இல் நடுவர் கப்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார். விதிப்படி சரிதான்.

ஒருவழியாக அவர் ஃப்ரீ ஏஜென்ட்டாகக் கையெழுத்துப் போடும்போது வயது 30. கொலராடோ ராக்கீஸ் 2022 மார்ச்சில் 7 வருடத்துக்கு 182 மில்லியன் கொடுத்தது. முதுகுத் தேய்மானமும் மற்ற காயங்களும் சேர்ந்து, அடுத்த நான்கு சீசனில் அவர் ஆடியது மொத்தம் 170 ஆட்டம். ஆடியிருக்க வேண்டியது 648. இன்று 'மோசமான ஒப்பந்தம்' என்று பட்டியல் போடுகிற எல்லோரும் அவர் பெயரை மேலே வைக்கிறார்கள். அது ராக்கீஸுக்கு மோசமான ஒப்பந்தம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிரையன்ட்டின் முழு ஆட்டக் காலத்தையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பாருங்கள். அவர் உச்சத்தில் இருந்தபோது மலிவாக அனுபவித்தது ஒரு முதலாளி, அவர் தேய்ந்தபோது விலை கொடுத்தது வேறொரு முதலாளி. ரசிகர் திட்டுவது மட்டும் ஆட்டக்காரரை.

இந்த ஆறு வருட விதி எப்படி வந்தது என்பது தெரிந்தால் விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதும் புரியும். 1970-கள் வரை ஆறு வருடமும் கிடையாது, அறுபது வருடமும் கிடையாது. ஒப்பந்தத்தை அணி வருடாவருடம் தானே புதுப்பித்துக்கொள்ளலாம் என்றொரு ஷரத்து, அதை வைத்து ஆயுள் முழுக்கக் கட்டிப்போடலாம். 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றினார்கள். அவர் போக மறுத்து, என்னை வாங்கி விற்கும் சொத்தாக நான் நினைக்கவில்லை என்ற பொருளில் பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். மூன்று வருடம் கழித்து, 1975 டிசம்பர் 23 அன்று, பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்ச்சர்களின் (பந்து வீசுபவர்கள்) புகாரில், புதுப்பிப்பது என்றால் ஒரு வருடம்தான் என்று தீர்ப்பளித்தார். முதலாளிகள் அவரை உடனே வேலையை விட்டுத் தூக்கினார்கள், ஆனால் கதவு திறந்துவிட்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம். ஓக்லண்ட் அணியின் முதலாளி சார்லி ஃபின்லி, மற்ற முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார்: எல்லா ஆட்டக்காரரையும் ஒவ்வொரு வருடமும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடுங்கள், சந்தையில் ஆள் குவிந்து விலை தானாக விழும். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையில் அந்த யோசனையைக் கேட்டுப் பயந்தவர் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர். அவர் கணக்கு வேறு. வருடத்துக்குக் கொஞ்சப் பேர் மட்டும் சந்தைக்கு வந்தால், அவர்களுக்காக அணிகள் அடித்துக்கொள்ளும், அங்கே ஏறுகிற விலையை வைத்து மற்றவர்களுக்கும் பேரம் பேசலாம். 1976-இல் ஆறு வருடம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். 'விசுவாசத்தை' காப்பாற்றுவதாக நினைத்த முதலாளிகள், தாங்களே பற்றாக்குறையை உண்டாக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் உண்மையான முதல் தர ஆட்டக்காரர்கள் மூன்று நான்கு பேர்தான் வெளியே வருகிறார்கள். ஐபிஎல் பெரிய ஏலத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வருகிறார்கள், 2025 சீசனுக்கு அணிக்கு 120 கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது, ஏலம் போன இடத்துக்குத்தான் ஆட்டக்காரர் போக வேண்டும். ரிஷப் பந்த் 27 கோடியில் நின்றதற்குக் காரணம் அவர் மதிப்பு அவ்வளவுதான் என்பது அல்ல, அந்த 120 கோடிக்குள் முழு அணியையும் கட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பற்றாக்குறைக்குள்ளேயும் சோட்டோ ஓர் அபூர்வம். ஆரன் ஜட்ஜ் பெரிய லீகுக்கு வந்தபோது 24 வயது, அதனால் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது 30 ஆகிவிட்டது. 2022 சீசனுக்கு முன்னால் யாங்கீஸ் கொடுக்க வந்த 213.5 மில்லியனை அவர் வேண்டாம் என்றார், அந்த வருடம் 62 ஹோம் ரன் அடித்தார், 9 வருடத்துக்கு 360 மில்லியன் வாங்கினார். சோட்டோ 19 வயதில் வந்தவர், 26 வயதிலேயே சந்தைக்கு வந்துவிட்டார். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022-இல் 15 வருடத்துக்கு 440 மில்லியன் என்றபோது அவரும் மறுத்தார். 26 முதல் 31 வரையிலான வருடங்கள்தான் ஒரு பேட்டரின் பொற்காலம். வழக்கமாக அதில் பாதியை அணி மலிவாக அனுபவித்து முடித்திருக்கும். மெட்ஸ் அந்தக் காலத்தை முழுசாக வாங்கியிருக்கிறது. விலையில் பெரும்பகுதி அதற்குத்தான்.

அப்படியானால் 35, 38, 41 வயதுக்கு ஏன் பணம்? இது என் தொழில் சம்பந்தப்பட்ட இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பேஸ்பாலில் சம்பள உச்சவரம்பு கிடையாது, ஆனால் 'லக்சரி டாக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. 2025-இல் ஓர் அணியின் சம்பளப் பட்டியல் 241 மில்லியனைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் வருடம் 30, மூன்றாம் வருடம் 50. மேலும் 60 மில்லியனுக்கு மேல் தாண்டினால் அந்தப் பகுதிக்கு இன்னொரு 60 சதவீதம். ஆக, தொடர்ந்து தாண்டுகிற அணிக்குக் கடைசி டாலர் ஒவ்வொன்றுக்கும் 1.10 டாலர் வரி. இந்த வரிக்கு ஓர் ஆட்டக்காரரின் சம்பளம் எவ்வளவு என்று பார்க்க, அந்த வருடம் கையில் கொடுத்ததைப் பார்ப்பதில்லை. மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்த சராசரியைத்தான் பார்க்கிறார்கள். சான் டியகோ பாட்ரேஸ் 2022 டிசம்பரில் ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 11 வருடத்துக்கு 280 மில்லியன் கொடுத்தது. அப்போது அவருக்கு 30 வயது. சராசரி வருடத்துக்கு சுமார் 25.5 மில்லியன். அதே பணத்தை 7 வருடத்தில் கொடுத்திருந்தால் வருடத்துக்கு 40 மில்லியன் என்று வரிப் பட்டியலில் ஏறியிருக்கும். வீட்டுக் கடனை 15 வருடத்திலிருந்து 25 வருடமாக நீட்டி மாதத் தவணையைக் குறைக்கிற அதே வேலைதான். 40 வயது போகார்ட்ஸ் நன்றாக ஆடுவார் என்று யாரும் நம்பவில்லை. அந்த வருடங்கள் தவணைக்காகச் சேர்த்தவை. கடைசி வருடத்தை மட்டும் பிய்த்தெடுத்து இது தேறுமா என்று கேட்பது அதனால்தான் பிசகு.

ஷோஹெய் ஒஹ்தானியின் ஒப்பந்தம் இதற்கும் ஒரு படி மேலே. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு 10 வருடத்துக்கு 700 மில்லியன். ஆனால் ஆடுகிற 2024 முதல் 2033 வரை வருடத்துக்கு 2 மில்லியன்தான் கையில் வரும். மிச்சம் 68 மில்லியன், 2034 முதல் 2043 வரை வருடாவருடம், வட்டியில்லாமல். அதாவது ஒவ்வொரு வருடத்துச் சம்பளமும் சரியாகப் பத்து வருடம் தள்ளிப் போகிறது. 2034-இல் வரப்போகிற 68 மில்லியனுக்கு 2024-இல் என்ன மதிப்பு? முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்டுக்கொண்ட பொது ஒப்பந்தப்படி அப்போது இருந்த வட்டி விகிதம் சுமார் 4.43 சதவீதம். ஒரு டாலர் அந்த வட்டியில் பத்து வருடத்தில் 1.54 டாலர் ஆகும். 68-ஐ 1.54-ஆல் வகுத்தால் சுமார் 44. கூட அந்த 2-ஐச் சேர்த்தால் 46. வரிப் பட்டியலில் ஒஹ்தானியின் பெயருக்கு நேரே வருடத்துக்கு 46 மில்லியன் சொச்சம் என்று ஏறியது இப்படித்தான். ஆக, 700 என்பது தலைப்புச் செய்திக்கான எண். தொழிலில் உள்ளவன் கண்ணுக்கு அது ஏறத்தாழ 460 மில்லியன் ஒப்பந்தம். சோட்டோவின் 765-இல் இப்படித் தள்ளிவைத்தது எதுவும் இல்லை, போதாக்குறைக்கு அதில் 75 மில்லியன் கையெழுத்துப் பணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 65 மில்லியன்தான் வித்தியாசம் என்று பேசுகிறவரிடம் மேற்கொண்டு வாதம் செய்ய வேண்டாம்.

பணத்தைத் தள்ளிவைப்பது ஏதோ ஏமாற்று வேலை என்று பலர் கொதிக்கிறார்கள். என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. பிற்காலத்தில் கொடுக்க வேண்டியதற்கு ஈடான பணத்தைக் கிளப் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மெட்ஸின் பழைய ஆட்டக்காரர் பாபி போனில்லா விஷயத்திலும் இதே தவறான சிரிப்புத்தான். அவருக்குத் தர வேண்டியிருந்த 5.9 மில்லியனை 8 சதவீத வட்டியில் தள்ளிவைத்து, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் 1,193,248 டாலர் கொடுக்கிறார்கள். வருடாவருடம் அந்த நாளில் ஊரே கேலி செய்கிறது. கேலிக்கு உரியது தவணை அல்ல, 8 சதவீதம் என்று ஒத்துக்கொண்டது. ஒஹ்தானி விஷயத்தில் நியாயமான முணுமுணுப்பு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து: 2034-இல் அவர் கலிபோர்னியாவில் குடியில்லை என்றால் அந்த மாநில வருமான வரி தப்பிவிடலாம். மாநிலத்தின் கணக்கு அதிகாரியே இதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று 2024-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார்.

இனி ஆபத்துப் பக்கம். முப்பதைத் தாண்டினால் ஆட்டம் இறங்கும் என்பது உறுதி, மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால். தனி ஒருவர் எப்போது இறங்குவார் என்பது யாருக்கும் தெரியாது. ஓய்வூதியக் கணக்கிலும் இதே கதை, ஆயிரம் பேரில் எத்தனை பேர் 90-ஐத் தாண்டுவார்கள் என்று சொல்வேன், உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 31 வயதில் கார்டினல்ஸை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸுக்கு 10 வருடம், 240 மில்லியன் என்று போனார். பத்தாவது வருடம் பாதியில் விடுவித்துவிட்டார்கள். அவரை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த, இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பில் கார்டினல்ஸ் மைக்கேல் வாக்கா என்ற பிட்ச்சரை எடுத்தது. 2013-இல் அவரே அந்த அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். அதே ஏஞ்சல்ஸ் பிறகு ஆண்டனி ரெண்டனுக்கு 7 வருடம் 245 மில்லியன் கொடுத்தது, ஒரு சீசனில்கூட அவர் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. 2019-இல் உலகத் தொடர் ஜெயித்த கையோடு நேஷனல்ஸ் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அதே 245 மில்லியனுக்குக் கையெழுத்திட்டது. அவர் அதன்பின் வீசியது எட்டே ஆட்டம்.

இதோடு நிறுத்தினால் பொய் ஆகிவிடும். அதே நேஷனல்ஸ் 2015-இல் 30 வயது மேக்ஸ் ஷெர்ஸருக்கு 7 வருடம் 210 மில்லியன் கொடுத்தபோது, பிட்ச்சருக்கு இவ்வளவு நீளமா என்று சிரித்தார்கள். அவர் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கி, உலகத் தொடரையும் வாங்கிக் கொடுத்தார். ஷெர்ஸருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் இருந்த வித்தியாசத்தைக் கையெழுத்துப் போட்ட அன்றே தெரிந்திருந்தது என்று இன்று சொல்கிறவர்கள் அன்று என்ன சொன்னார்கள் என்று தேடிப் பாருங்கள். 'ஒரு வெற்றிக்கு எட்டு முதல் பத்து மில்லியன் டாலர்' என்று ஆய்வாளர்கள் சந்தை விலை ஒன்று சொல்வார்கள். சாதாரண மாற்று ஆட்டக்காரரை விட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்று அளந்து, அதால் சம்பளத்தை வகுத்து வந்த எண் அது. விவாதத்துக்குப் பயன்படும், ஆனால் அளவுகோலிலேயே பிழை இருக்கிறது, எதிர்காலத்தைக் கணிப்பதில் இன்னும் பெரிய பிழை இருக்கிறது. அதை வைத்து ஒரு ஒப்பந்தம் 12 மில்லியன் அதிகம் என்று தசமப் புள்ளியோடு பேசுகிறவரை நான் நம்புவதில்லை.

காசு ஜெயிக்குமா? ஆறு மாதம், 162 ஆட்டம் ஓடுகிற சீசனில் காசு உதவும், பொதுவாகப் பார்த்தால் அது உண்மை. ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2023-இல் மெட்ஸ் ஷெர்ஸருக்கும் ஜஸ்டின் வெர்லாண்டருக்கும் மட்டும் தலைக்கு வருடம் 43 மில்லியன் கணக்கில் கொடுத்தது, அணியின் லக்சரி டாக்ஸே 100 மில்லியனைத் தொட்டது. பாதி சீசனில் இருவரையும் விற்றுவிட்டு 75 வெற்றி, 87 தோல்வி என்று முடித்தது. அதே வருடம் பட்டம் வாங்கிய டெக்சஸ் ரேஞ்சர்ஸும் காசு கொட்டிய அணிதான். கோரி சீகர், மார்கஸ் செமியன் இருவருக்கும் சேர்த்து அரை பில்லியன். 2025-இல் சோட்டோ 43 ஹோம் ரன் அடித்து 38 முறை தளம் திருடினார் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது), கொடுத்த காசுக்குக் குறையில்லை. மெட்ஸ் 83-79. கடைசி நாளில் பிளேஆஃப் கைநழுவிப் போனது. காரணம் எளிது, ஒரு பேட்டருக்கு ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறைதான் வாய்ப்பு வரும். கூடைப்பந்து மாதிரி ஒருவர் கையில் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

பிளேஆஃப் வந்துவிட்டால் அதிர்ஷ்டத்தின் பங்கு இன்னும் கூடுகிறது. 2025-இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் டாட்ஜர்ஸை விட மிகக் குறைந்த சம்பளப் பட்டியலோடு 97 வெற்றி பெற்று எல்லோருக்கும் மேலே நின்றது. டாட்ஜர்ஸை சீசனில் ஆறு முறை சந்தித்து ஆறு முறையும் வீழ்த்தியது. அக்டோபரில் டாட்ஜர்ஸ் அவர்களை 4-0 என்று துடைத்தெறிந்தது. கடைசி ஆட்டத்தில் ஒஹ்தானி மூன்று ஹோம் ரன் அடித்து, பிட்ச்சராகப் பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இதைப் பார்த்தால் காசுதான் ஜெயிக்கிறது என்று தோன்றும். பிறகு டொரான்டோவுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்னால். அதைச் சமன் செய்த ஹோம் ரன்னை அடித்தது ஒஹ்தானி இல்லை. மிகெல் ரோஹாஸ், 36 வயது, சம்பளப் பட்டியலில் எங்கோ கீழே இருந்தவர். அந்தப் பந்து வேலியைத் தாண்டாமல் போயிருந்தால் இன்று எல்லோரும் 'டாட்ஜர்ஸால்கூட பட்டத்தை வாங்க முடியவில்லை' என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வரம்பு போடுவது பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், இதில் நியாயமானவர்கள் எதிர்ப்பக்கமும் இருக்கிறார்கள். டாட்ஜர்ஸின் உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம் மட்டும் 25 வருடத்துக்கு 8.35 பில்லியன், பல சிறு ஊர் அணிகளுக்குத் தொலைக்காட்சி வருமானம் தந்துகொண்டிருந்த நிறுவனம் 2023-இல் திவால் மனு கொடுத்தது. இந்த ஏற்றத்தாழ்வு நிஜம், முதலாளிகள் சொல்கிற மற்ற விஷயங்களை விட இதைத்தான் நான் மதிக்கிறேன். அதற்காக உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுப் பங்கிடுகிறார்கள். ஆனால் வாங்கிக்கொள்கிற அணி அதை ஆட்டக்காரருக்குச் செலவழித்தே ஆக வேண்டும் என்று குறைந்தபட்சச் சம்பள அளவு எதுவும் இல்லை. பங்குப் பணத்தை ஒழுங்காகச் செலவழிக்கவில்லை என்று பிட்ஸ்பர்க், மயாமி, ஓக்லண்ட், டாம்பா பே அணிகள் மேல் 2018-இல் சங்கம் புகாரே கொடுத்தது. கான்சஸ் சிட்டி ராயல்ஸை 2000-இல் டேவிட் கிளாஸ் 96 மில்லியனுக்கு வாங்கினார். 19 வருடத்தில் நல்ல சீசன் விரல்விட்டு எண்ணலாம், 2015-இல் ஒரு பட்டம். விற்றபோது கிடைத்தது சுமார் ஒரு பில்லியன். தோற்றாலும் சொத்து இப்படி வளரும் என்றால், செலவழிக்க என்ன அவசரம்? அதனால், கோஹன் மாதிரி அதிகம் செலவழிக்கிறவரை விட, பங்கை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவரைத்தான் நான் பெரிய சிக்கலாகப் பார்க்கிறேன். மேல்வரம்பு மட்டும் போட்டால் மிச்சமாகும் பணம் முதலாளியிடம் போகும், டிக்கெட் விலை குறையாது. டிக்கெட் விலையை நிர்ணயிப்பது கூட்டம்தானே தவிர ஆட்டக்காரர் சம்பளம் இல்லை. கீழ்வரம்போடு சேர்த்து மேல்வரம்பும், கட்டுப்பட்ட ஆறு வருடத்தில் குறைப்பும் வந்தால் நான் யோசிப்பேன். 1994-இல் வரம்பு வேண்டும் என்று முதலாளிகள் பிடிவாதம் பிடித்ததில் வேலைநிறுத்தம் வந்து உலகத் தொடரே ரத்தானது. முதலாளிகளுக்கும் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய பொது ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது, அதே வாதம் மறுபடி மேசைக்கு வரும் என்பதில் சந்தேகமில்லை. எப்படி முடியும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கடைசியாக, கேட்டவரின் அலுவலக வாக்குவாதத்துக்கு உதவுகிற ஒரு விவரம். சோட்டோவின் ஒப்பந்தம் உண்மையில் 15 வருடமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. 2029 சீசன் முடிந்ததும் அவர் விரும்பினால் விலகிப்போகலாம், அப்போது வயது 31. மெட்ஸ் அதைத் தடுக்க நினைத்தால், மிச்சமுள்ள பத்து வருடத்துக்கு வருடம் 4 மில்லியன் கூட்டிக் கொடுக்க வேண்டும், மொத்தம் 805 ஆகிவிடும். அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் மெட்ஸுக்கு அந்த 40 மில்லியன் பெரிதாகத் தெரியாது. சுமாராக ஆடிக்கொண்டிருந்தால் அவரே விலக மாட்டார். ஆக, 41 வயது சோட்டோவைப் பற்றி 2039-இல் சண்டை போடுவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, 2029 நவம்பரில், அந்தக் கூட்டத்துக்கு நல்ல தீனி இருக்கிறது.